அனைவர்க்கும் உரிய நீர்

அனந்தபுரியில் வாழும் தமிழன்பர்களே! நீச்சல் என்பது நம் முன்னோர்க்குக் கட்டணம் செலுத்திக் கற்ற கலையன்று. கரமனை ஆற்றிலும் ஊர்க்குளங்களிலும் நெற்றுத் தேங்காய் இரண்டைக் கயிற்றாற் பிணைத்து, மார்பின் கீழ் இட்டுத் தந்தையோ தமையனோ பயிற்றிய கலை. அக்குளங்களை எண்ணி ஏங்குவோர் இன்றும் உளர். எனினும், அந்நீர் அனைவர்க்கும் உரியதாய் இருந்ததா என்று வினவுதல் வரலாறு எழுதுவோர் கடனாகும்.

பத்மநாப சுவாமி கோயிலின் அருகே பத்மதீர்த்தம் திகழ்கிறது. திருவிதாங்கூரில் ஒதுக்கப்பட்ட குலத்தார் கோயிலையும் அதனைச் சார்ந்த தீர்த்தங்களையும் நெருங்குதலும் ஒருகாலத்தில் குற்றமாயிற்று. கோயிலைச் சூழ்ந்த தெருவில் நடக்கும் உரிமைக்காகவே 1924-இல் வைக்கத்தில் அறப்போர் நிகழ்ந்தது, பெரியார் ஈ.வெ.ரா. அதிற் பங்குகொண்டு சிறை புகுந்தார். 1936 நவம்பர் 12-இல் சித்திரைத் திருநாள் மன்னர் வெளியிட்ட ஆலயப் பிரவேச அறிக்கையே அரசின் கோயிற் கதவுகளை அனைத்து இந்துக்களுக்கும் திறந்துவிட்டது.

நிற்க. இன்று நகரின் வெள்ளையம்பலத்தில், 1987-இல் மறைந்த கைப்பந்து வீரர் ஜிம்மி ஜார்ஜின் பெயர் தாங்கிய விளையாட்டு வளாகத்தில் நீச்சற்குளம் உள்ளது. வெஞ்ஞாறமூட்டை அடுத்த பிரப்பன்கோட்டில் பெரியதொரு நீச்சல் வளாகம் உள்ளது. அதற்கு இட்ட பெயர் டாக்டர் அம்பேத்கர். 1927 மார்ச் 20-இல் மகத் நகரின் சவதார் குளத்து நீரை அள்ளிப் பருகி, தம் மக்களின் உரிமையை நிலைநாட்டியவர் அவர். ஒரு குளத்திற்கு இதனினும் பொருத்தமான பெயர் உண்டோ?

2015-ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டு விழாவில் பிரப்பன்கோட்டு நீரிலேதான் சஜன் பிரகாஷ் 6 பொற்பதக்கங்களும் 3 வெள்ளிப் பதக்கங்களும் வென்றார். இடுக்கியிற் பிறந்த அவர், தாயார் பணிபுரிந்த நம் நெய்வேலியில் வளர்ந்து நீந்தப் பழகியவர். 2021-இல் உரோமை நகரில் 200 மீட்டர் பட்டர்பிளை நீச்சலை 1 நிமிடம் 56.38 வினாடியில் முடித்து, ஒலிம்பிக்கின் 'ஏ' தகுதியை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரரானார். ஊழியர் குடியிருப்பின் பொதுக்குளம் ஒரு பிள்ளையை எத்துணை தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் பதக்கமே நீச்சலின் பயனன்று. ஆறும் காயலும் கடலும் சூழ்ந்த இந்நாட்டில், விடுமுறை நாளில் குளிக்கச் சென்ற இளைஞர் மூழ்கி மாண்டனர் என்னும் செய்தி ஓய்ந்தபாடில்லை. நீரில் மூச்சை விடுதல், கரையைப் பற்றிக் காலடித்தல், மிதத்தல் என முறையாகப் பயிற்றும் இடங்கள் இன்று நம் அருகிலேயே உள்ளன. நம் பிள்ளைகளை, குறிப்பாகப் பெண்மக்களை, அங்கு அனுப்புவோமாக. நம் மூதாதையருட் பலர்க்கு மறுக்கப்பட்ட நீர், இன்று நம் மக்கள் யாவர்க்கும் உயிர்காக்கும் கல்வியாகட்டும்!