சௌராத் தீவின் பானையும் எங்கள் கடைப் போர்டும்

நம் சங்க மலர்களில் இந்தத் தீவுகளைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லோரும் ராஜேந்திர சோழனில்தான் தொடங்குவார்கள். 1025-இல் கடற்படை போனது, 1030-ஆம் ஆண்டுத் தஞ்சைக் கல்வெட்டில் 'மாநக்கவாரம்' என்று வருவது நிக்கோபார்தான் என்பார்கள். சரி, நானும் சொல்லியாயிற்று. ஆனால் நாற்பது வருஷமாக மளிகைக் கடை வைத்திருப்பவனுக்கு வேறு கேள்விதான் வருகிறது. படையெடுத்தவர் பெயர் கல்லில் இருக்கிறது. அந்தத் தீவுகளுக்குள் யார் எதைச் செய்தார்கள், யார் விற்றார்கள், லாபம் யார் கைக்குப் போனது?

நிக்கோபார்க் கூட்டத்தில் சௌரா என்று ஒரு சின்னத் தீவு. பரப்பு எட்டுச் சதுர கிலோமீட்டர் சொச்சம். பானைக்கு ஏற்ற களிமண்கூட அங்கே கிடையாது. பக்கத்துத் தெரெசா தீவிலிருந்து ஓடத்தில் கொண்டுவர வேண்டும். நம் கணக்குப்படி மண் இருக்கிற தெரெசாவில்தானே பானைத் தொழில் நடந்திருக்க வேண்டும்? நடக்கவில்லை. எல்லாத் தீவுகளுக்கும் பானை சௌராவிலிருந்துதான் போனது.

காரணம் நம்பிக்கை. சௌரா புனிதத் தீவு, அங்குள்ளவர்கள் மந்திரம் தெரிந்தவர்கள் என்று மற்றத் தீவினர் அஞ்சினார்கள். அந்த அச்சத்தையே முதலாகப் போட்டு, தீவுகளுக்குள் நடந்த வியாபாரத்தைச் சௌராக்காரர்கள் தங்கள் கைக்குள் வைத்திருந்தார்கள் என்று அன்றைய ஆங்கிலேயர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். லைசென்ஸ் கிடையாது, காவல் கிடையாது. பயம் ஒன்றே வேலி. நம்பிக்கை என்றால் தொழிலுக்குத் தடை என்று படித்தவர்கள் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவனுக்குத் தடையாக இருப்பது இன்னொருவனுக்குக் காப்பாக இருக்கிறது. நாங்கள் சமணர்கள். கருவாடும் தேனும் விற்கக் கூடாது என்று அப்பா சொல்லி அனுப்பினார். இந்த ஊரில் கருவாட்டில் பணம் பண்ணியவர்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதே சமயம், "அய்யா கடையில கலப்படம் இருக்காது" என்று தேடி வந்த வாடிக்கையும் அந்த வேலியால் வந்ததுதான். (வெங்காயம் விற்றேன். மறைக்க மாட்டேன்.)

இனி முக்கியமான விஷயம். சௌராவில் பானை செய்தவர்கள் பெண்கள். இந்தத் தீவுகளில் அதிகாரியாக இருந்த இ.எச். மேன் 1894-இல் நிக்கோபார்ப் பானைத் தொழில் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். மண்ணைப் பிசைந்து பக்குவப்படுத்துவது, வனைவது, சுடுவது எல்லாம் பெண்கள் கை. சக்கரம் கிடையாது. மண்ணைத் திரித்து வளையம் வளையமாக அடுக்கி உயர்த்தி, வழித்து மெழுகி, உலர்த்திச் சுடுவார்கள். சூடு ஆறுமுன் பச்சைத் தேங்காய் மட்டையை வைத்து அழுத்தினால் பானையில் பட்டை பட்டையாகக் கோடு விழும். செய்தவருக்குத் தனித்தனி அடையாளக் குறியும் உண்டு. இன்று நாம் 'டிரேட் மார்க்' என்கிறோமே, அதேதான்.

எங்கள் வந்தவாசிப் பக்கத்தில் மண்பாண்டம் செய்கிற வீடுகளில் பெண்கள் மண் மிதிப்பார்கள், பானையைத் தட்டிக் கொடுப்பார்கள், தலையில் சுமந்து சந்தைக்கும் போவார்கள். சக்கரத்தில் மட்டும் உட்கார மாட்டார்கள். இந்தியாவில் பல இடங்களில் இதே வழக்கம்தான். கருவி வந்த இடத்தில் ஆண் உட்கார்ந்துகொண்டான், கருவி இல்லாத சௌராவில் தொழில் பெண்ணிடமே இருந்தது என்பது என் ஊகம்.

அங்கேயும் முழுக்க அவள் கையில் இல்லை. பானை தீவை விட்டுப் போக ஓடம் வேண்டும். கடலும் ஓடமும் ஆண்களுடையவை. கார் நிக்கோபார்க்காரர்கள் கடல் தாண்டிச் சௌராவுக்கு வந்து பானையும் ஓடமும் வாங்கிப் போனார்கள். ஓடத்தைச் சௌராக்காரர்கள் கட்டுவதுகூட இல்லை. தெற்கே உள்ள தீவுகளில் கட்டியதை வாங்கி வடக்கே விற்றார்கள். அசல் தரகு வியாபாரம்! பானையில் இருந்தது அவள் குறி. பண்டமாற்றுப் பேச்சு ஓடத்தின் பக்கம்.

பிறகு வெளி வியாபாரிகள் உலோகப் பாத்திரம் கொண்டுவந்தார்கள். கொப்பரைக்கு அது மாற்றாகக் கிடைத்ததும் பானையின் தேவை குறைந்தது. உடையாத சட்டிக்கு மந்திரம் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் சௌரா மக்களைத் தெரெசாவில் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். சொந்தத் தீவுக்கே போக வேண்டும் என்று அவர்கள் நின்றார்கள். தீவுகளுக்கு வெளியார் போக 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி அனுமதி வேண்டும். ஆகவே நான் சௌராவைப் பார்த்ததில்லை. படித்ததுதான்.

படித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்திருந்த ஒரு நாள்தான் எனக்கு உறைத்தது. 1984-இல் இந்தக் கடைக்கு முதல், என் வீட்டுக்காரம்மா கல்யாணத்துக்குப் போட்டு வந்த பதினோரு சவரன். போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்கிறார்கள்) அடகு வைத்து, அந்தப் பணத்தில்தான் முதல் சரக்கு கப்பலில் வந்தது. சிலம்பை விற்று மறுபடி வியாபாரம் தொடங்கலாம் என்றுதானே கோவலனும் மதுரைக்குப் போனான். சிலப்பதிகாரத்தைப் பத்துத் தடவை படித்தவன் நான். முதல் யாருடையது என்று ஒரு தடவையும் யோசித்ததில்லை. கடைப் பொறுப்பு, பில் புத்தகம், ஜி.எஸ்.டி. எல்லாம் என் பெயரில். எனக்கு நெஞ்சு வலி வந்து இரண்டு மாதம் படுத்தபோது கடையை நடத்தினவள் அவள்தான். ஆனால் பேங்கில் ஒரு செக் மாற்ற முடியவில்லை. கையெழுத்து உரிமை அவளுக்கு இல்லை. ஏலக்காய்க்காரனுக்குக் கொடுக்க வேண்டிய பணத்துக்கு மறுபடியும் வளையலைக் கழற்றினாள்.

போன தை மாதம் அவளையும் பங்குதாரராகச் சேர்த்துப் பத்திரம் எழுதினோம். புது போர்டுக்கு என்ன பேர் போடலாம் என்று கேட்டேன். "மொதல்ல அந்த வளையலை மீட்டுக் குடுங்க, அப்புறம் போர்டைப் பாக்கலாம்" என்றாள்.