பத்து வருட ராஜ்ஜியம்: கல்லூரி ஃபுட்பாலில் யார் பெரியவர்?

எங்கள் வீட்டு விருந்துகளில் இரண்டு வாதங்கள் நடக்கும். அப்பாக்கள் பக்கம், எண்பதுகளின் வெஸ்ட் இண்டீஸ் பெரிதா, அதற்குப் பிறகு வந்த ஆஸ்திரேலியா பெரிதா என்று. பிள்ளைகள் பக்கம், கல்லூரி ஃபுட்பாலில் எந்த அணியின் பத்து வருடம் பெரியது என்று. முதல் வாதத்தில் எனக்குப் பங்கில்லை. இரண்டாவதில் நிறையவே உண்டு.

லண்டனிலும் சிட்னியிலும் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இது காலால் உதைத்து ஆடும் ஃபுட்பால் இல்லை. ஹெல்மெட் போட்டு மோதும் அமெரிக்க ஃபுட்பால். அதிலும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் இல்லை, கல்லூரி மாணவர்கள். ஒரு மாணவன் அதிகபட்சம் நான்கைந்து வருடம்தான் ஆடுவான், பிறகு போய்விடுவான். அதனால் பத்து வருடம் ஒரு கல்லூரி உச்சியில் இருக்கிறது என்றால், மொத்த அணியும் குறைந்தது இரண்டு முறை முழுதாக மாறிய பிறகும் உச்சியில் இருக்கிறது என்று பொருள். ஒரு நல்ல வருடத்துக்கு ஒரு நல்ல குவாட்டர்பேக் போதும். பத்து வருடத்துக்கு ஒரு அமைப்பு வேண்டும். கன்சல்டிங் வேலையில் இருப்பவனுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடும்: ஒரு கெட்டிக்காரரை நம்பி ஓடும் சிஸ்டம் அவர் ராஜினாமா செய்த மறுவாரமே படுத்துவிடும்.

கணக்குக்கு நான் வைத்துக்கொண்ட விதி எளிது. தொடர்ந்து வரும் பத்து சீசன், அது 0-வில் முடியும் வருடத்தில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. சமனில் முடிந்த ஆட்டம் அரை வெற்றி. 1996-இல் கூடுதல் நேர விதி வந்த பிறகு சமன் என்பதே இல்லாமல் போயிற்று.

மிகப் பழைய காலத்தை ஓரமாக வைத்துவிடுகிறேன். 1888-இல் யேல் அணி 13 ஆட்டங்களில் 698 புள்ளி எடுத்தது, எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது பூஜ்யம். 1901 முதல் 1905 வரை ஃபீல்டிங் யோஸ்ட் நடத்திய மிச்சிகன் அணி 57 ஆட்டங்களில் ஒன்றில்தான் தோற்றது. 2,821 புள்ளிக்கு எதிராகக் கொடுத்தது 42. படிக்கச் சுவையாக இருக்கும், ஆனால் அப்போது இந்த ஆட்டத்தை ஒழுங்காக ஆடத் தெரிந்த கல்லூரிகளே கொஞ்சம்தான். மிச்சிகன் கதை ஐந்து வருடக் கதையும்கூட.

உண்மையான போட்டி ஓக்லஹோமாவிலிருந்து தொடங்குகிறது.

பட் வில்கின்சன் என்ற கோச்சின் கீழ் 1948 முதல் 1957 வரை ஓக்லஹோமா: 97 வெற்றி, 7 தோல்வி, 2 சமன். அதாவது 92.5 சதவீதம். முதலில் 31 ஆட்டம் தொடர் வெற்றி. பிறகு 1953-இல் தொடங்கி 47 ஆட்டம் தொடர் வெற்றி. இந்த 47 இன்றுவரை பெரிய கல்லூரிகளின் மட்டத்தில் முறியடிக்கப்படவில்லை. அந்த 97 வெற்றிகளில் 78 இந்த இரண்டு தொடர்களிலேயே அடங்கிவிடுகின்றன என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. தேசிய பட்டம் 1950, 1955, 1956 என்று மூன்று.

47 எப்படி முடிந்தது என்பது தனிக் கதை. 1953 சீசனின் முதல் ஆட்டத்தில் ஓக்லஹோமாவை அதன் சொந்த மைதானத்தில் தோற்கடித்தது நாட்ரடாம். அடுத்த ஆட்டம் பிட்ஸ்பர்க்குடன் சமன். அதற்குப் பிறகு நான்கு வருடம் தோல்வியே இல்லை. 1956-இல் நாட்ரடாமின் ஊருக்கே போய் 40-0 என்று பழி தீர்த்தார்கள். அடுத்த வருடம் நவம்பர் 16, 1957: ஓக்லஹோமா ஒரு மாநிலமான ஐம்பதாவது ஆண்டு நாள். அன்றைக்கு அதே நாட்ரடாம் வந்து, கடைசிக் காலிறுதி நேரத்தில் டிக் லின்ச் எடுத்த ஒரே ஒரு டச்டவுனில், 7-0 என்று வென்றுவிட்டது. தொடரின் இரு முனையிலும் ஒரே எதிரி. அந்தப் பத்து வருடத்தின் 7 தோல்விகளில் 3 நாட்ரடாமிடம்தான்.

இவ்வளவு இருந்தும் ஓக்லஹோமாவுக்கு முதலிடம் கொடுக்க எனக்கு இரண்டு தயக்கங்கள் உண்டு.

முதலாவது எதிரணிகள். பிக் செவன் என்ற அவர்களுடைய கான்ஃபரன்ஸில் அந்தப் பத்து வருடமும் அவர்கள் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. ஏழு தோல்வியும் வெளியாட்களிடம். கேட்க மலைப்பாக இருக்கிறது. ஆனால் அந்தக் கான்ஃபரன்ஸ் எவ்வளவு மெலிந்திருந்தது என்பதற்கும் அதுவே சாட்சி. மேலும் அன்று சாம்பியனைத் தீர்மானித்தது களம் இல்லை, பத்திரிகையாளர்களின் வாக்கு. 1956-இல் ஒரே அணி அடுத்தடுத்த வருடம் ஆரஞ்ச் பௌலுக்குப் போகக் கூடாது என்ற கான்ஃபரன்ஸ் விதியால் ஓக்லஹோமா எந்த பௌல் ஆட்டமும் ஆடாமலே சாம்பியன் ஆனது. 1950-க்கான பட்டத்தை வாங்கிய பிறகு கென்டக்கியிடம் சுகர் பௌலில் தோற்றது; பட்டம் கையிலேயே இருந்தது!

இரண்டாவதுதான் பெரியது. அந்தக் காலத்தில் தெற்கிலும் அதன் ஓரங்களிலும் பெரிய கல்லூரி அணிகள் வெள்ளையர் அணிகள். ஓக்லஹோமாவில் ஸ்காலர்ஷிப் பெற்று ஆடிய முதல் கறுப்பின வீரர் ப்ரென்டிஸ் காட் கல்லூரிக்குள் வந்ததே 1956-இல்தான். அதே வருடங்களில் ஃப்ளோரிடாவின் தலைநகர் டாலஹாசியில் ஃப்ளோரிடா ஏ அண்ட் எம் என்ற கறுப்பினக் கல்லூரியில் ஜேக் கெய்தர் என்ற கோச் இருந்தார். 1945 முதல் 1969 வரை 25 சீசன். 203 வெற்றி, 36 தோல்வி, 4 சமன். பத்து வருடம் இல்லை, கால் நூற்றாண்டு முழுக்க 84 சதவீதம். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வாங்கிய பாப் ஹேஸ் அவரிடம் ஆடியவர்தான். அந்த அணியை ஓக்லஹோமாவோடு ஆடவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எந்த எக்செல் ஷீட்டும் சொல்லாது. "வரலாற்றிலேயே சிறந்த அணி" என்று யாராவது அந்தக் காலத்து அணியைக் காட்டினால், யாரையெல்லாம் உள்ளே விடாமல் அந்த வரலாறு எழுதப்பட்டது என்று நான் கேட்பேன். நம் வீடுகளில் இந்தக் கேள்வி எளிதில் புரிய வேண்டும்.

இதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்கிறேன் என்று நினைத்தால் அலபாமாவைப் பாருங்கள். பேர் ப்ரையன்ட் என்ற புகழ்பெற்ற கோச்சின் அணி 1969-இல் 6-5, 1970-இல் 6-5-1. 1970 செப்டம்பரில் தெற்கு கலிஃபோர்னியா அணி பர்மிங்ஹாமுக்கு வந்து, சாம் கன்னிங்ஹாம் என்ற கறுப்பின வீரர் 135 கெஜம் ஓட, 42-21 என்று வென்றது. அந்த ஒரே ஆட்டம்தான் அலபாமாவின் மனதை மாற்றியது என்று ஒரு கதை உலவுகிறது. அழகான கதை, ஆனால் முழு உண்மை இல்லை. வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பின மாணவருக்கு ப்ரையன்ட் அதற்கு முன்பே ஸ்காலர்ஷிப் கொடுத்திருந்தார். முதலாண்டு மாணவர் என்பதால் அவர் அன்று ஆட முடியவில்லை. 1971-இல் ஜான் மிச்சல் அணிக்காக முதலில் களமிறங்கினார். அதே தெற்கு கலிஃபோர்னியாவை அவர்கள் ஊரிலேயே 17-10 என்று வென்றார்கள். அந்த 1971-இலிருந்து 1980 வரை: 107 வெற்றி, 13 தோல்வி. 89.2 சதவீதம். ப்ரையன்ட் அதே ஆண்டு விஷ்போன் என்ற ஓட்ட ஆட்டமுறைக்கு மாறியதும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் கதவு திறந்த வருடமும் ராஜ்ஜியம் தொடங்கிய வருடமும் ஒன்றாக இருப்பதைத் தற்செயல் என்று என்னால் விட முடியவில்லை.

எண்பதுகளின் மயாமி என் மனதுக்குப் பிடித்த அணி. எழுபதுகளில் ஃபுட்பாலையே நிறுத்திவிடலாமா என்று யோசித்த கல்லூரி அது. ஹாவர்ட் ஷ்னெலன்பர்கர் 1979-இல் வந்து, பக்கத்துத் தெருப் பிள்ளைகளையே, தெற்கு ஃப்ளோரிடாவின் ஏழைப் பேட்டைகளிலிருந்து திரட்டினார். 1983 சீசனின் கடைசி ஆட்டத்தில் நெப்ராஸ்கா 31-30 என்று நெருங்கியபோது, சமன் செய்தாலே பட்டம் கிடைத்திருக்கும் நிலையில், அதன் கோச் டாம் ஆஸ்போர்ன் இரண்டு புள்ளிக்கே முயன்று தோற்றார். அந்தத் தோல்விக்காக அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை. மயாமி 1983 முதல் 1992 வரை 107-14, நான்கு பட்டம். இதில் மூன்று கோச்சுகள்: ஷ்னெலன்பர்கர், ஜிம்மி ஜான்சன், டென்னிஸ் எரிக்சன். ஆள் மாறியும் ஓடிய சிஸ்டம் இது. ஆனால் 1984-இல் ஐந்து தோல்வி என்ற ஓட்டை பட்டியலில் கண்ணை உறுத்துகிறது.

தொண்ணூறுகளில் ஃப்ளோரிடா ஸ்டேட் 109-13-1, நெப்ராஸ்கா 108-16-1. ஃப்ளோரிடா ஸ்டேட் 1987 முதல் 2000 வரை 14 சீசனும் தொடர்ந்து முதல் ஐந்து இடங்களுக்குள் முடித்தது. ஆனாலும் பட்டம் இரண்டுதான், பாதிப் பழி மயாமிக்கு எதிராகக் குறி தவறிய ஃபீல்ட் கோல்களுக்கு.

கடைசியாக நிக் சேபனின் அலபாமா. 2011 முதல் 2020 வரை 127 வெற்றி, 12 தோல்வி, ஐந்து பட்டம். 91.4 சதவீதம், ஓக்லஹோமாவைவிட ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைவு. பத்து சீசனிலும் ஏதோ ஒரு வாரமாவது தரவரிசையில் முதலிடம். நான் அந்த 12 தோல்விகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அலபாமாவை வென்ற அணி ஒவ்வொன்றும் அந்த வருடம் களத்தில் குறைந்தது 9 ஆட்டம் வென்ற அணி. சோப்ளாங்கி அணியிடம் பத்து வருடத்தில் ஒரு தடவைகூட வழுக்கி விழவில்லை. 85 ஸ்காலர்ஷிப் என்ற உச்சவரம்புக்குள், ஓக்லஹோமா காலத்தில் அப்படி ஒரு வரம்பே கிடையாது, நாட்டின் மிகக் கடினமான கான்ஃபரன்ஸில் ஆடி வந்த கணக்கு இது.

குறை இல்லாமல் இல்லை. 2011-லும் 2017-லும் அலபாமா தன் சொந்தப் பிரிவைக்கூட வெல்லவில்லை, 2011-இல் எல்.எஸ்.யு.விடம் 9-6 என்று தோற்று, பிறகு இறுதி ஆட்டத்தில் அதே அணியை 21-0 என்று வென்று பட்டம் எடுத்தது. வில்கின்சனுக்கு அப்படி ஒரு இரண்டாவது வாய்ப்பு யாரும் கொடுத்ததில்லை. இன்னொன்று, சேபன் ஆண்டுக்குப் பல மில்லியன் டாலர் சம்பளம் வாங்கிய அதே வருடங்களில் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கத் தடை இருந்தது. அது நீங்கியது 2021 ஜூலையில்.

இருந்தாலும் என் வாக்கு அலபாமாவின் 2011–2020-க்குத்தான், ஓக்லஹோமா இரண்டாவது, மயாமி மூன்றாவது. இப்போது வீரர்கள் விருப்பப்படி கல்லூரி மாறலாம், நல்ல பணம் கொடுக்கும் இடத்துக்குப் போகலாம். 2024-இலிருந்து பட்டத்துக்கான சுற்றில் 12 அணிகள். பெஞ்சில் இரண்டு வருடம் காத்திருக்கும் திறமைசாலிகளை ஒரே கல்லூரி அடுக்கி வைப்பது இனி நடக்காது. சேபன் 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றுவிட்டார். சமன்களைக் கணக்கில் இருந்தே எடுத்துவிட்டால் ஓக்லஹோமா 93.3 சதவீதம் வரும் என்று சொல்லி என்னோடு சண்டைக்கு வரும் ஓக்லஹோமாக்காரர் ஒருவர் எனக்கு உண்டு. அவருக்கு நான் ஃப்ளோரிடா ஏ அண்ட் எம் கணக்கைத்தான் அனுப்பி வைக்கிறேன்.