ஷவர் நீரின் உஷ்ணமும் காலப் பொருத்தமும்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக் கட்டட விதிகள், ஷவரிலிருந்து வழிந்தோடும் நீரின் உஷ்ணத்தை மீட்டுத் தரும் சாதனம் ஒன்றைப் புதிய வீடுகளில் அமைக்க வேண்டுமென 2017ஆம் ஆண்டு முதல் வகுத்துள்ளன. அதன் திறன் நூற்றுக்கு எத்தனை என வினவுவது இயல்பே. ஆயினும், வெந்நீர் கழிந்தோடும் அதே வேளையில் குளிர்நீர் உட்புகுகின்றதா என்னும் வினாவே முதற்கண் எழுப்பத்தக்கதென்பது என் துணிபு.

சாதனம் மிக எளியது. செங்குத்தாக நிற்கும் செப்புக் கழிவுநீர்க் குழாயின் புறத்தே மற்றொரு செப்புக் குழாய் நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். இறங்கும் நீர் குழாயை நிறைத்து வீழாமல், பரப்பு இழுவிசையால் உட்சுவரைப் பற்றி மெல்லிய படலமாகப் படர்ந்திறங்க, சுருளினூடே குளிர்நீர் எதிர்த்திசையில் மேலேறி அவ்வுஷ்ணத்தைக் கவர்ந்துகொள்ளும். இயந்திரம் எதுவுமில்லை, அழுக்கு நீர் நன்னீரோடு கலப்பதுமில்லை. குழாய் சாய்ந்தாலோ, நீர் ஒரு பக்கமாகவே ஓட, எஞ்சிய சுவரெல்லாம் வியர்த்தமாகும். ஆதலின் சாய்வு 5 பாகையைத் தாண்டலாகாதென்பது விதி.

குளிர்காலத்தில் 8 பாகையில் வரும் நீரை 40 பாகைக்குச் சூடாக்கி நிமிஷத்துக்கு 9 லிட்டர் வீதம் பொழிவதற்கு ஏறத்தாழ 20 கிலோவாட் சக்தி தேவை. கழிவுநீர் 36 பாகையில் வெளியேறுமெனக் கொண்டால், 50 சதவீதத் திறனுள்ள சாதனம் வருநீரை 22 பாகைக்கு உயர்த்தும், சுமார் 8.8 கிலோவாட் மீளும். இது அற்பமன்று. ஆனால் இக்கணக்கு, சூடேறிய நீர் வெந்நீர்த் தொட்டிக்கும் ஷவரின் குளிர்நீர்க் கிளைக்கும் ஒருங்கே செல்லும்போதுதான் மெய்யாகும். ஒரு கிளைக்கு மாத்திரம் சென்றால் சுருளில் ஓட்டம் குறைந்து, அங்குள்ள நீர் அதிகமாகச் சூடேறினும், மீளும் உஷ்ணத்தின் மொத்த அளவு தாழ்ந்துவிடும். இருபுறமும் நிமிஷத்துக்கு 9.5 லிட்டர் என்ற சம ஓட்டத்தில் கண்ட சோதனை எண்ணை, குழாயிணைப்பு எவ்வாறாயினும் எல்லா வீட்டுக்கும் பொருத்துவது தர்க்கப் பிழை.

காலப் பொருத்தத்தின் முக்கியத்துவம் குளியல் தொட்டியை நோக்கின் பிரத்யட்சமாகும். தொட்டி முதலில் நிரம்பும். நெடுநேரம் கழித்து ஒரேயடியாக வடியும். வடியும் வேளையில் குளிர்நீர் வேண்டுவார் எவருமில்லையாதலால், நீர் எத்துணை வெம்மையாயிருப்பினும் சுருளுக்கு வேலையில்லை. அந்நீரைச் சேமித்து வைக்கலாமே எனின், சோப்பும் மயிரும் மிதக்கும் கலம் ஒன்றைப் பேணும் தொல்லையை எந்தக் குடும்பம் ஏற்கும்?

ஷவரின் நீரோட்டத்தையே குறைத்துவிட்டால் சாதனம் எதற்கு என்பர் சிலர். அவ்வாதத்தில் உண்மையுண்டு, சிக்கனம் மிகுமளவுக்கு மீட்கத்தக்கதும் குறையும், முதலீடு திரும்பும் காலம் நீளும். எனினும் வீடு அதில் வசிப்போரினும் நெடிது வாழ்வது. பின்னர் சுவரையுடைத்துப் பொருத்தும் செலவோ பன்மடங்கு. ஆகவே கட்டும்போதே விதிப்பது நியாயம். ஷவருக்குக் கீழே தளமில்லாத வீடுகளுக்கு விலக்களித்ததும் விவேகமே.

இதே நியாயப்படி நோக்கின், ஒருவர் பின் ஒருவராகக் குளிப்போர் ஓயாத நீச்சல் நிலையங்களும் உடற்பயிற்சிக் கூடங்களும் தனி வீடுகளினும் இச்சாதனத்துக்கு உரிமையுடையவை. அங்கே கழிதலும் புகுதலும் பல மணி நேரம் இடையறாது உடனிகழ்கின்றன.