போடிமெட்டு ஏறிய ஜீப்பும் தேய்ந்த பாகங்களும்

பெரியகுளம் அருகே உள்ள ஜெயமங்கலம் வயலும் வாழையுமான சமவெளி ஊர். இங்கே வண்டி ஓட்ட ஜீப் தேவையே இல்லை. ஆனால் தேனி மாவட்டத்தில் எந்த ஊரில் நின்றாலும் மலை தெரியும், பலருக்குப் பிழைப்பும் அந்த மலையில்தான். அதனால் போடி, தேவாரம், கம்பம் பகுதிகளில் ஜீப் என்பது ஆடம்பர வண்டி அல்ல, கூலி வேலைக்குப் போகும் வண்டி!

ஜீப் பிறந்தது போருக்காக. 1940ல் அமெரிக்க ராணுவம் கேட்டபடி பான்டம், வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் மாதிரி வண்டிகளைச் செய்தன. 1941 முதல் 1945 வரை 6 லட்சத்துக்கும் மேல் தயாராயின. ராணுவம் அதற்கு வைத்த பெயர் 'கால் டன் டிரக்'. அதாவது நாலைந்து சிப்பாய்கள், கொஞ்சம் சாமான். 1945ல் மகிந்திரா அண்டு முகமது என்று தொடங்கி 1948ல் மகிந்திரா அண்டு மகிந்திரா ஆன மும்பை நிறுவனம்தான் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் உருவாக்கி விற்றது.

அந்த வம்சத்து வண்டிதான் கம்பம் பள்ளத்தாக்குக்கும் வந்தது. இங்கே அதற்குக் கிடைத்த வேலை வேறு. விடியுமுன்னே ஏலத்தோட்டத்துப் பெண் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு மலை ஏற வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேருக்குக் குறையாது. பின்னாளில் வண்டி நீளமானது, ஏறுகிறவர்களும் கூடினார்கள். போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது முன் சக்கரங்களின் மேல் பாரம் கூடும். வளைவில் அதிலும் பெரும்பகுதி வெளிப்பக்கச் சக்கரம் ஒன்றின் மேல் விழும். கிங் பின், டை ராட், பட்டை எல்லாம் தேய்வது அங்கேதான்.

பழைய வில்லிஸில் ஸ்டீயரிங் நேராக சக்கரத்துக்குப் போகாது. நடுவில் பெல் கிராங்க் என்ற ஒரு துண்டு இருக்கும், அதிலிருந்து இரண்டு பக்கமும் டை ராட் பிரியும். அதன் புஷ் தேய்ந்தால் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் சக்கரம் தாமதமாகத்தான் திரும்பும். கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் ஸ்டீயரிங்கை லேசாக இரு பக்கமும் ஆட்ட, இன்னொருவர் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். எந்த இணைப்பில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் சும்மா நிற்கிறதோ, அங்கேதான் தேய்மானம்.

அடுத்து, முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங்கா, கிங் பின்னா? பலர் இங்கே ஏமாந்து தேவையில்லாமல் பேரிங்கை மாற்றிவிடுவார்கள். ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள மறுபடி ஆட்டினால் விடை கிடைத்துவிடும். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். இடம் வலமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் எண்டைப் பார்க்க வேண்டும்.

பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டீயரிங் படபடவென்று உதறி, வேகம் குறைந்த பிறகே அடங்குகிறதா? டேம்பர் மாட்டினால் உதறல் மறையும், தேய்ந்த கிங் பின் அப்படியே இருக்கும். வண்டி நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு செய்யக்கூடாத வேலை அது.

பட்டையில் உடைசல் இருந்தால் விரிசலில் துரு கோடாகத் தெரியும். சென்டர் போல்ட் அறுந்தால் ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்துவிடும், வண்டி நண்டு மாதிரி கோணலாகப் போகும். இதற்குக் கருவி வேண்டாம். இரண்டு பக்கமும் முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை கயிறு பிடித்து அளந்தாலே போதும். பழைய வில்லிஸின் ஷாக்கிளில் மரை இருக்கும். கிரீஸ் அடிக்காமல் விட்டால் மண் புகுந்து மரையே தேய்ந்துபோகும். ரப்பர் புஷ் உள்ள வண்டியில் ரப்பர் பிளந்து, பின் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும்.

2010ல் வந்த தார் வண்டியின் சில வகைகளில் முன்பக்கப் பட்டை போய் டார்ஷன் பார் வந்தது. கிங் பின்னுக்குப் பதில் பால் ஜாயின்ட். கொழுக்குமலை இருப்பது தேனி மாவட்டத்தில், ஆனால் வண்டி போக வேண்டுமானால் கேரளத்தின் சூரியநெல்லி வழியாகத்தான். போடியிலிருந்து புறப்படும் ஜீப் முதலில் 17 வளைவும் ஏறி, அப்புறம் அந்தக் கரடுமுரடான பாறைத் தடத்தில் கிட்டத்தட்ட 8,000 அடி உயரத்துக்குப் போய், வந்த வழியே திரும்பி இறங்க வேண்டும்.