அயோடினோடு ஒட்டிக்கொண்ட ஹீலியம்

1981ஆம் வருடம். பி.எஸ்ஸி. இரண்டாம் வருட வகுப்பில் மந்த வாயுக்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, "வெளிக்கூடு நிரம்பியவை, ஆகவே எதனோடும் சேரா" என்று நோட்ஸ் சொன்னேன். 1962ல் நீல் பார்ட்லெட் செனானை ஒரு சேர்மத்துக்குள் கொண்டுவந்துவிட்டதால் அதற்கு மட்டும் தனியாக ஒரு பத்தி. ஹீலியத்துக்கு அந்தப் பேச்சே கிடையாது. அப்போது மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"மேடம், ஹீலியத்த திரவமாக்கியிருக்காங்கன்னு போன வாரம் சொன்னீங்க. ஒண்ணையொண்ணு பிடிச்சுக்காம அது எப்படி மேடம் திரவமா நிக்கும்?"

"அது இயற்பியல் விசைம்மா, வேதிப் பிணைப்பு இல்ல. பரீட்சைக்கு வராது" என்று சொல்லி உட்காரவைத்துவிட்டேன். அது எவ்வளவு சரியான கேள்வி என்று எனக்கு விளங்க மூன்று வருடம் ஆயிற்று. 1984 பிப்ரவரி மாத சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் டொனால்ட் லெவி எழுதியிருந்த கட்டுரையை மதுரையில் ஒரு நூலகத்தில் நின்றபடியே படித்தேன். அதற்குள் அவள் படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இது.

அவள் கேட்டதை அவளுக்கு முன்பே கேட்டவர் வான் டெர் வால்ஸ். பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1873ல் லைடன் பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வேட்டில், எந்த வாயுவின் மூலக்கூறுகளும் ஒன்றையொன்று கொஞ்சமாவது இழுக்கின்றன, இல்லையென்றால் வாயு திரவமாக வழியே இல்லை என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அதே லைடனில் 1908 ஜூலை 10ஆம் தேதி காமர்லிங் ஓன்னஸ் ஹீலியத்தையும் திரவமாக்கினார். தனிச்சுழிக்கு மேல் வெறும் 4 டிகிரி. அந்த இழுப்பு எங்கிருந்து வருகிறது என்பதை 1930ல் ஃபிரிட்ஸ் லண்டன் விளக்கினார். அணுவின் எலக்ட்ரான் மேகம் எப்போதும் அசைந்துகொண்டே இருக்கிறது. ஒன்றின் அசைவுக்கு ஏற்ப அடுத்ததன் மேகமும் அசைகிறது. எலக்ட்ரானைக் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். அந்த ஒத்த அசைவே ஒரு பிடிப்பு.

ஆக, இழுப்பு உண்டு என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஒரு ஹீலியம் அணு இன்னொரு மூலக்கூறோடு ஒட்டி நிற்பதைத் தனியாகப் பிடித்துப் பார்ப்பதுதான் பெரும்பாடு. அயோடின் மூலக்கூறில் இரண்டு அயோடின் அணுக்களைச் சேர்த்து வைத்திருக்கும் பிணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஹீலியத்துக்கும் அந்த மூலக்கூறுக்கும் நடுவே உள்ள பிடிப்பு அதில் 700ல் ஒரு பங்கு அளவுதான். அறை வெப்பத்தில் ஒவ்வொரு மோதலிலும் கைமாறும் ஆற்றல் அந்தப் பிடிப்பைப் போலப் பத்து மடங்குக்கு மேல். ஒட்டிய மறுகணமே அடுத்த அடி விழுந்து பிரிந்துவிடும். அப்படியானால் குளிர்விக்கலாமே என்றால், சாதாரணமாகக் குளிர்வித்தால் அயோடின் கண்ணாடிச் சுவரில் போய்ப் படிந்துவிடும். வாயு என்று சொல்ல எதுவும் மிஞ்சாது.

இதை லேபில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மூடிய குடுவைக்குள் நாலைந்து அயோடின் துணுக்குகளைப் போட்டு வெந்நீரில் அமிழ்த்தினால் ஊதா ஆவி கிளம்பிக் குடுவை நிறையும். வெளியே எடுத்துப் பச்சைத் தண்ணீரில் வைத்தால் அதே ஆவி கழுத்தருகே கருநிறப் பளபளப்பான ஊசிகளாகப் படியும். ஆவி இருக்கும்போது குடுவைக்குப் பின்னால் ஒரு பல்பை வைத்துக் கைநிறமாலைமானியில் பார்த்தால், பச்சையிலிருந்து சிவப்பு வரை வரிவரியாகக் கறுப்புக் கோடுகள், சீப்புப் பற்கள் மாதிரி. அயோடின் விழுங்கிக்கொண்ட நிறங்கள் அவை. ஒவ்வொரு பல்லும் மூலக்கூறின் ஓர் அதிர்வு நிலை. நல்ல கருவியில் பார்த்தால் ஒவ்வொரு பல்லுக்குள்ளும் நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள் நெருக்கியடித்துக் கிடக்கும். அவை மூலக்கூறின் சுழற்சிகள். அந்த நெரிசலில் ஹீலியம் ஒட்டிய ஒன்றிரண்டு மூலக்கூறுகளின் கோடு இருந்தாலும் யார் கண்ணில் படும்?

வழி பிறந்தது சிகாகோ பல்கலைக்கழகத்தில். 1973ல் ரிச்சர்ட் ஸ்மாலி என்ற இளைஞர் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்காக லெவியிடம் சேர்ந்தார். லெவியிடம் லேசர் இருந்தது. அவர்களை உறுத்திக்கொண்டிருந்தது அயோடின் அல்ல, நைட்ரஜன் டைஆக்சைடு. மூன்றே அணுக்கள் கொண்ட அந்தப் பழுப்பு வாயுவின் நிறமாலை, எந்தக் கோடு எதனுடையது என்றே சொல்ல முடியாத காடு. குளிர்வித்தால் காடு குறையும். ஆனால் உறையாமல் குளிர்விக்க வேண்டும். அதே பல்கலைக்கழகத்தில் லென்னார்ட் வார்ட்டனிடம் மூலக்கூறுக் கற்றை செய்யும் இயந்திரம் இருந்தது. மூவரும் சேர்ந்தார்கள்.

அந்த இயந்திரத்தின் உயிர் ஒரு துளையில் இருக்கிறது. முடியின் கனத்தை ஒட்டியோ அதற்கும் கீழோ உள்ள ஒரு நுண்துளை. ஒரு பக்கம் பல வளிமண்டல அழுத்தத்தில் வாயு, மறுபக்கம் பெரிய பம்புகள் இழுத்துக்கொண்டிருக்கும் வெற்றிடம். வாயு துளை வழியே சீறிப் பாய்கிறது. அடைபட்ட வாயுவில் அணுக்கள் எல்லாத் திசையிலும் மனம்போனபடி ஓடும், அதைத்தான் வெப்பம் என்கிறோம். துளையைத் தாண்டும்போது பின்னால் வேகமாக வருவது முன்னால் மெதுவாகப் போவதை முட்டித் தள்ளுகிறது. முட்டி முட்டி எல்லாமே ஒரே திசையில் ஒரே வேகத்துக்கு வந்துவிடுகின்றன. வைகுண்ட ஏகாதசியன்று பிராகாரத்தில் இடிபட்டு நசுங்கும் கூட்டம் சொர்க்கவாசலைத் தாண்டியதும் ஒரே சீராக நகருமே, அதுபோல. நடப்பவர்கள் நகர்கிறார்கள்தான், ஆனால் பக்கத்தில் வருபவர் நமக்கு நின்ற இடத்தில் நிற்கிறவர் மாதிரி. ஹீலியத் தாரை நொடிக்கு ஒன்றே முக்கால் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, ஆனாலும் அதற்குள் அணுவுக்கு அணு அசைவு கிட்டத்தட்ட இல்லை. அசைவு இல்லையென்றால் குளிர்தான். தனிச்சுழியை ஒட்டிய குளிர். சுவரே இல்லாத வெளியில் பறப்பதால், கட்டியாகப் படிவதற்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை. இப்படிச் செய்யலாம் என்று கான்ட்ரோவிட்ஸும் கிரேயும் 1951லேயே சொல்லியிருந்தார்கள். லேசரை அந்தத் தாரையின் குறுக்கே செலுத்தலாம் என்பதைச் சிகாகோவில் செய்து காட்டினார்கள். 1974ல் நைட்ரஜன் டைஆக்சைடின் காடு எண்ணிவிடக் கூடிய மரங்களாகச் சுருங்கியது.

முதலில் அவர்கள் பயன்படுத்தியது ஆர்கான். ஆர்கான் அழுத்தம் கூடினால் தன்னோடு தானே ஒட்டிக் குவியத் தொடங்கிவிடும். இன்னும் குளிர வேண்டுமென்றால் எதனோடும் ஒட்டாத வாயு வேண்டும். ஹீலியத்தை எடுத்தார்கள், அதில் ஒரு துளி அயோடின் ஆவியைக் கலந்தார்கள். அயோடினின் நிறமாலை ஆயிரம் ஆய்வாளர்கள் மேய்ந்த நிலம், கருவியைச் சோதிக்க அதைவிட நல்ல பொருள் கிடைக்காது. நிறத்தைச் சிறுகச் சிறுக மாற்றக்கூடிய டை லேசரைத் தாரைமீது பாய்ச்சி, எந்த நிறத்தில் அயோடின் ஒளிர்கிறது என்று பதிவு செய்தார்கள். பற்கள் தெளிவாக விழுந்தன. ஒவ்வொரு பல்லுக்கும் நீல நிறத்தை நோக்கிய பக்கத்தில், துளியூண்டு தள்ளி, இன்னொரு குட்டிப் பல்.

அந்தக் குட்டிப் பல்லைத் தள்ளிவிடாததுதான் அவர்களுடைய பெருமை என்று நான் நினைக்கிறேன். கலப்படம் என்றோ, லேசரின் கோளாறு என்றோ ஒதுக்கியிருக்கலாம். ஹீலியத்தின் அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட அது வளர்ந்தது. ஒட்டாது என்று நம்பி எடுத்த வாயு ஒட்டியிருந்தது. துளையை ஒட்டிய நெரிசலில் ஒரு ஹீலியமும் ஓர் அயோடினும் மோதும் வேளையில் மூன்றாவதாக ஓர் அணு வந்து மிச்ச ஆற்றலை வாங்கிக்கொண்டு போய்விட்டால், இருவரும் சேர்ந்தே நின்றுவிடுகிறார்கள். கொஞ்ச தூரம் போனபின் அவர்களை அடித்துப் பிரிக்க யாருமில்லை. ஸ்மாலி, லெவி, வார்ட்டன் மூவரும் இதை 1976ல் அறிவித்தார்கள்.

1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தன்று வானியலாளர் ஜான்சென் அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரிலும், சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்திலும் நிறமாலைமானியோடு நின்றார்கள். அவர்கள் பார்த்த வெளிச்சத்தில் இருந்த மஞ்சள் கோடுதான் பின்னால் ஹீலியம் என்று பெயர் பெற்றது. ஒரு கோட்டால் உலகுக்குத் தெரிந்த தனிமம், அது இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும் என்பதும் நூற்றெட்டு வருடம் கழித்து ஒரு கோட்டால்தான் தெரிந்தது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். சிகாகோவுக்கு முன்பே, 1973ல், ஹார்வர்டில் வில்லியம் கிளெம்பெரரின் குழு ஆர்கானும் ஹைட்ரஜன் குளோரைடும் ஒட்டியதை லேசர் இல்லாமல், ரேடியோ அலைகளையும் நுண்ணலைகளையும் கொண்டு அளந்து, ஆர்கான் ஹைட்ரஜன் இருக்கும் பக்கம் உட்கார்கிறது என்று காட்டியிருந்தது. 1979ல் இல்லினாயில் ஃபிளைகேரும் பாலேயும் வாயுவை விட்டுவிட்டுப் பீச்சும் துளையோடு நுண்ணலைக் கருவி ஒன்று செய்தார்கள். ஃபிளைகேர் 1981ல், ஐம்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார். அதே இல்லினாயில் அந்தக் கருவியோடு பேராசிரியர் குடோவ்ஸ்கியிடம் வேலை கற்றவர்களில் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அருணன். பின்னால் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அதே வகைக் கருவியை அமைத்தார். ஹைட்ரஜன் பிணைப்புக்கு 2011ல் வந்த புதிய வரையறையை எழுதிய உலகக் குழுவுக்குத் தலைமையும் அவரே.

லேசர் காட்டியது வேறொன்று: பிடி எப்படி விடுகிறது என்பது. ஹீலியம் அயோடினின் இடுப்பில், இரண்டு அணுக்களுக்கும் சமதூரத்தில், ஆங்கில 'டி' எழுத்துபோல உட்கார்ந்திருக்கிறது. லேசர் பட்டதும் அயோடின் சுருள்வில்லாக அதிரத் தொடங்கும். அந்த அதிர்வின் ஒரே ஒரு படி ஆற்றல் போதும், ஹீலியத்தின் பிடி விட்டுப்போக. ஆனால் அந்தப் படி உடனே கைமாறுவதில்லை. குறைந்த அதிர்வு நிலையில் சுமார் 220 பிகோநொடி ஆகிறது, அதாவது அயோடின் அறுநூறு எழுநூறு தடவை அதிர்ந்து முடிக்கும் வரை ஹீலியம் தொற்றிக்கொண்டே இருக்கிறது. அதிர்வு நிலை கூடக் கூட 40 பிகோநொடி வரை இறங்குகிறது. பிரிந்தபின் அயோடின் வெளியிடும் ஒளியைப் பார்த்தால் அது ஒரு படி இறங்கியிருப்பது தெரியும். ஒரு பிணைப்பு உடைவதை இப்படிப் படி எண்ணிப் பார்த்தது வேதியியலில் பெரிய காரியம். பாடப்புத்தகத்தில் 'வினை நிகழ்கிறது' என்று ஒரு அம்புக்குறி போட்டு முடித்துவிடுகிறோமே, அந்த அம்புக்குறிக்குள் நடப்பது இது.

ஸ்மாலி அந்த வித்தையோடு ரைஸ் பல்கலைக்கழகம் போனார். 1985 செப்டம்பரில் கிராஃபைட்டை லேசரால் ஆவியாக்கி, ஹீலியத் தாரையில் ஏற்றிக் குளிரவைத்தபோது அறுபது கார்பன் கொண்ட பந்து கிடைத்தது. கர்ல், குரோட்டோ ஆகியோரோடு 1996ல் நோபல் வாங்கினார். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தப் பந்துக்குப் பின்னால் சிகாகோவின் துளை இருக்கிறது.

என் மாணவி கேட்டது அயோடினைப் பற்றியல்ல. ஹீலியம் ஹீலியத்தைப் பிடிக்குமா என்பது அவள் கேள்வி. அங்கே லேசருக்கு வேலையில்லை. இரண்டு ஹீலியம் அணுக்கள் சேர்ந்தால் அதற்கு இருப்பது ஒரே ஒரு நிலைதான், ஏறி இறங்கப் படிகளே கிடையாது. 1993ல் மினசோட்டாவில் குளிர்ந்த தாரையில் அதன் அடையாளம் கிடைத்தது. அடுத்த வருடம் கோட்டிங்கனில் ஷோல்காஃப், டோனிஸ் இருவரும் ஹீலியத் தாரையை மிக நுண்ணிய கம்பிச் சல்லடை வழியே செலுத்தி, அலைபோல விலகி விழுந்த புள்ளிகளில் இரட்டை ஹீலியத்தைத் தனியே பிரித்துக் காட்டினார்கள். 2000ல் அதன் நீளத்தையும் அளந்தார்கள். ஹைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்களுக்கு இடையே முக்கால் ஆங்ஸ்ட்ராம். இரட்டை ஹீலியத்தில் சராசரியாக 52 ஆங்ஸ்ட்ராம். அவ்வளவு தள்ளி நின்றும் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருக்கின்றன. அவள் மூன்றாவது பெஞ்சிலிருந்து எழுந்து கேட்ட அன்று அந்த எண் உலகில் யாரிடமும் இருக்கவில்லை.