சட்ட நிறுவனங்களில் பன்முகத்தன்மை: எலிசபெத் ஹிஷான் வழக்கும் அதன் முன்பின் வரலாறும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெரிய சட்ட நிறுவனங்கள் நெடுங்காலம் வெள்ளையின ஆண்களின் கோட்டையாகவே இருந்தன. பெண்கள், கறுப்பினத்தவர், யூதர் ஆகியோருக்கு அவற்றின் கதவுகள் பெரும்பாலும் மூடியே இருந்தன. அந்நிலை மாறிய வரலாற்றில் ‘ஹிஷான் எதிர் கிங் அண்ட் ஸ்பால்டிங்’ வழக்கு ஒரு திருப்புமுனை. இதில் 1984 மே 22 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

வழக்கைப் புரிந்துகொள்ள முதலில் இந்நிறுவனங்களின் அமைப்பை அறிய வேண்டும். சட்டக் கல்லூரியிலிருந்து வரும் இளைஞர் ‘அசோசியேட்’ எனப்படும் சம்பள வழக்கறிஞராகச் சேர்வார். சில ஆண்டுகள் கழித்து நிறுவனத்தின் உரிமையாளர்களான பங்குதாரர்கள் கூடி, அவரைத் தங்களுள் ஒருவராக ஏற்பதா என்று முடிவு செய்வர். ஏற்றால் இலாபத்தில் பங்கு கிடைக்கும், நிர்வாகத்தில் வாக்கும் கிடைக்கும். ஏற்காவிட்டால் அவர் வெளியேற வேண்டும். ‘மேலே ஏறு, அல்லது வெளியேறு’ என்பதே விதி. நம் பள்ளிகளில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தவர் தலைமையாசிரியர் ஆகாமலேயே ஓய்வு பெறலாம். அங்கே அதற்கு இடமில்லை. ஆகவே பங்குதாரராக ஏற்க மறுப்பது, நடைமுறையில் வேலையிலிருந்து நீக்குவதற்குச் சமம்.

முந்தைய நிலை

அர்பெல்லா மான்ஸ்ஃபீல்ட் 1869 இல் அயோவா மாநிலத்தில் வழக்கறிஞராக ஏற்கப்பட்டார். அந்நாட்டில் அவ்வுரிமை பெற்ற முதல் பெண் அவரே. ஆனால் வழக்காடும் உரிமை வேறு, நிறுவனத்தில் வேலை கிடைப்பது வேறு. ஹார்வர்டு சட்டக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியதே 1950 இல்தான்.

வில்லியம் கோல்மன் என்னும் கறுப்பின இளைஞர் 1946 இல் ஹார்வர்டில் முதல் மாணவராகத் தேறினார். பின்னர் உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபிராங்ஃபர்ட்டரிடம் எழுத்தராகப் பணியாற்றினார். அப்பணிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர். இவ்வளவு தகுதியிருந்தும் சொந்த ஊரான ஃபிலடெல்ஃபியாவில் எந்தப் பெரிய நிறுவனமும் அவரைச் சேர்க்கவில்லை. 1949 இல் நியூயார்க்கின் பால் வைஸ் நிறுவனம் அவருக்கு இடம் கொடுத்தது. யூதரும் யூதரல்லாதாரும் ஒன்றாகப் பணிபுரிந்த மிகச் சில நிறுவனங்களுள் அதுவும் ஒன்று.

சாண்ட்ரா டே ஓ’கானர் 1952 இல் ஸ்டான்ஃபோர்டில் சட்டம் முடித்தார். அவருக்கு ஒரு நிறுவனம் தர முன்வந்தது சட்டச் செயலாளர் வேலை மட்டுமே. அதற்கும் தட்டச்சுத் திறனைக் கேட்டார்கள். கடைசியில் கலிஃபோர்னியாவில் ஒரு மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில், தொடக்கத்தில் ஊதியமே இல்லாமல், பணியில் சேர்ந்தார். இவரே 1981 இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். ஹிஷான் வழக்கைக் கேட்ட அமர்விலும் இருந்தார்.

1964 ஆம் ஆண்டுக் குடியுரிமைகள் சட்டத்தின் ஏழாம் பிரிவு, இனம், நிறம், மதம், பால், பிறந்த நாடு ஆகியவற்றைக் காரணமாக வைத்து வேலையில் வேறுபாடு காட்டுவதைத் தடை செய்தது. முதல் வரைவில் ‘பால்’ என்ற சொல் இல்லை. சட்டத்தையே எதிர்த்த வர்ஜீனியா உறுப்பினர் ஹோவர்ட் ஸ்மித், கீழவை வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு அச்சொல்லைத் திருத்தமாகச் சேர்த்தார். அவருடைய நோக்கம் என்ன என்பது இன்றும் விவாதத்தில் உள்ளது. நோக்கம் எதுவாயினும், பின்னால் வந்த பெண்களின் வழக்குகளெல்லாம் அந்த ஒரு சொல்லின் மேல்தான் நின்றன.

1970களில் நியூயார்க்கின் பெரிய நிறுவனங்கள் மீது பெண்கள் வழக்குத் தொடுத்தனர். அவற்றுள் சல்லிவன் அண்ட் கிராம்வெல் மீதான வழக்கு, கறுப்பினப் பெண்ணான நீதிபதி கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லியிடம் வந்தது. அவர் விலக வேண்டும் என்று நிறுவனத் தரப்பு கோரியது. அவர் மறுத்தார். பாலோ இனமோ பின்னணியோ விலகக் காரணமாகுமானால், அந்த நீதிமன்றத்தின் எந்த நீதிபதியும் வழக்கைக் கேட்க முடியாது என்பது அவர் வாதம். ஆண் நீதிபதிக்கும் ஒரு பால் உண்டு என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஹிஷானின் வழக்கு

எலிசபெத் ஆண்டர்சன் ஹிஷான் கொலம்பியா சட்டக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1972 இல் அட்லாண்டாவின் கிங் அண்ட் ஸ்பால்டிங் நிறுவனத்தில் அசோசியேட்டாகச் சேர்ந்தார். 1885 இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தில் அப்போது பெண் பங்குதாரர் ஒருவரும் இல்லை. நன்றாகப் பணி செய்வோர் ஐந்தாறு ஆண்டுகளில் இயல்பாகவே பங்குதாரராவர், அனைவரும் சமமாக மதிப்பிடப்படுவர் என்று சொல்லியே தம்மைச் சேர்த்தனர் என்பது அவர் மனுவின் சாரம். 1978 மே மாதத்தில் அவர் ஏற்கப்படவில்லை. ஓராண்டு கழித்து மறுபரிசீலனையிலும் ஏற்கப்படவில்லை. 1979 டிசம்பர் 31 அன்று அவர் பணி முடிவுற்றது.

நிறுவனத்தின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று. பங்குதாரர் ஆவது பதவி உயர்வு அன்று, உரிமையாளர்களின் கூட்டில் இணைவது. யாருடன் கூட்டுச் சேர்வது என்பது எங்கள் சுதந்திரம் என்றது. மாவட்ட நீதிமன்றம் இதை ஏற்றது. விருப்பமில்லாதவரைக் கூட்டாளியாக்குவதைக் கட்டாயத் திருமணத்தோடு ஒப்பிட்டு வழக்கைத் தள்ளியது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒரு நீதிபதி மாறுபட, அதையே உறுதி செய்தது.

வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தபோதே, இந்நிறுவனம் கோடைக்காலப் பயிற்சிக்கு வந்த மாணவிகளைக் கொண்டு நீச்சலுடைப் போட்டி நடத்திய செய்தியை 1983 இறுதியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்டது. பெண்களை அங்கே எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதிய தீர்ப்பு, கூட்டுச் சேரும் சுதந்திரம் பற்றிய பெரிய விவாதத்தில் தங்கி நிற்கவில்லை. பங்குதாரராகப் பரிசீலிக்கப்படும் வாய்ப்பு, வேலையில் சேர்க்கும்போதே காட்டப்பட்ட ஒரு பயன். அப்படியானால் அது வேலையின் நிபந்தனைகளிலும் சலுகைகளிலும் அடங்கும். அதைப் பால் வேறுபாட்டுடன் வழங்கக் கூடாது. அந்நிறுவனம் எதைச் சொல்லி ஆள் சேர்த்ததோ அதுவே அதைக் கட்டுப்படுத்தியது. நீதிபதி பவல் மட்டும், ஏற்கெனவே பங்குதாரராய் இருப்பவர்களுக்கு இடையிலான உறவுக்கு இத்தீர்ப்பு நீளாது என்று தனியே எழுதினார்.

இத்தீர்ப்பு ஹிஷானைப் பங்குதாரராக்கவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். வழக்கு விசாரிக்கப்படத் தக்கது என்றுதான் நீதிமன்றம் சொன்னது. பின்னர் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. அவர் அந்நிறுவனத்துக்குத் திரும்பவில்லை.

பின்னர்

கதவு திறந்தது, ஆனால் உள்ளே நுழைந்தவர்கள் மேலே ஏறியது மெதுவாகவே. தகுதி பற்றிய மதிப்பீட்டில் ஒளிந்திருக்கும் பாரபட்சத்தை நீதிமன்றத்தில் நிரூபிப்பது கடினம். நான்சி எசோல்ட் 1990 இல் ஃபிலடெல்ஃபியா நிறுவனம் ஒன்றின் மீது வென்ற வழக்கு, 1992 இல் மேல்முறையீட்டில் தோற்றது.

அடுத்த அழுத்தம் கட்சிக்காரர்களிடமிருந்து வந்தது. 1999 இல் பெல்சவுத் தொலைபேசி நிறுவனத்தின் தலைமைச் சட்ட அலுவலர் சார்லஸ் மார்கனும், 2004 இல் சாரா லீ நிறுவனத்தின் ராடரிக் பால்மோரும் அறிக்கைகள் வெளியிட்டனர். பன்முகத்தன்மை இல்லாத சட்ட நிறுவனங்களுக்கு வேலை தருவதைக் குறைப்போம் என்பது பால்மோர் அறிக்கையின் கருத்து. பணம் தருபவர் பேசினால் காது கூர்மையாகிவிடுகிறது. 2017 இல் ‘மான்ஸ்ஃபீல்ட் விதி’ வந்தது. அதன்படி தலைமைப் பொறுப்புகளுக்குப் பரிசீலிக்கப்படுவோரில் 30 விழுக்காட்டினராவது பெண்களாகவோ சிறுபான்மையினராகவோ இருக்க வேண்டியிருந்தது. இது பரிசீலனைக்கான அளவேயன்றித் தேர்வுக்கான ஒதுக்கீடு அன்று. 2023 இல் அந்நாட்டுச் சட்ட நிறுவன அசோசியேட்டுகளில் பெண்கள் முதன்முறையாகப் பாதியைத் தாண்டினர். பங்குதாரர்களிலோ ஏறத்தாழ 28 விழுக்காடுதான்.

2025 மார்ச்சில் சம வேலைவாய்ப்பு ஆணையம் 20 பெரிய சட்ட நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பி, அவற்றின் பன்முகத்தன்மைத் திட்டங்கள் குறித்து விளக்கம் கேட்டது. அத்திட்டங்களே பாரபட்சம் ஆகலாம் என்பது அதன் நிலைப்பாடு. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது, ஹிஷான் வழக்கில் கைகொடுத்த அதே ஏழாம் பிரிவு. அதே மாதத்தில் குடியரசுத் தலைவர் டிரம்ப் சில நிறுவனங்களுக்கு எதிராக ஆணைகள் பிறப்பித்தார். பெர்கின்ஸ் கூய் நீதிமன்றம் சென்றது. மே மாதம் அந்த ஆணையை நீதிபதி செல்லாது என்று அறிவித்தார். கோல்மனுக்கு 1949 இல் இடம் தந்த பால் வைஸ், நீதிமன்றம் செல்லாமல் உடன்பாட்டுக்கு வந்தது. 4 கோடி டாலர் மதிப்புள்ள இலவசச் சட்டப்பணி செய்ய ஒப்புக்கொண்டு, தன் மீதான ஆணையை விலக்கிக்கொள்ளச் செய்தது.