சூரியன் மறையாத ராஜ்யத்தில் ஒரு கிழிந்த சாக்ஸ்

உங்கள் பீரோவைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். தேய்த்து மடித்து வைத்த சட்டைகளுக்கு அடியில் ஒரு சட்டை இருக்கும். நல்ல சட்டைதான். சாயம் போகவில்லை, நைந்து போகவில்லை. மேலிருந்து மூன்றாவது பட்டன் மட்டும் இல்லை. 'ஞாயித்துக்கிழமை தைச்சுக்கலாம்' என்று உள்ளே வைத்தது. அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் போயிருக்கும்?

என் வீட்டிலும் இதே கதைதான். ஒரு நாள் ரோஷம் வந்து ஊசி தேடினேன். பழைய பிஸ்கட் டப்பாவில் ஊசியும் இருந்தது, நூலும் இருந்தது. இரண்டு விரலில் குத்திக்கொண்டு, ஒருவழியாகத் தைத்து முடித்தேன். போட்டுப் பார்த்தால்... பட்டனும் காஜாவும் அரை இஞ்ச் தள்ளி நின்று ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன!

என் பாட்டி இதைப் பேச்சு வாக்கில் செய்துவிட்டு எழுந்து போவாள். சட்டை கிழிந்தால் கிழிந்த இடமே தெரியாமல் இழை ஓட்டுவாள். அவள் எந்தத் தையல் வகுப்புக்கும் போனதில்லை. அந்தக் கை வித்தை இரண்டே தலைமுறையில் எங்கே போனது?

இந்தக் கேள்வியை நீங்களும் நானும் கேட்பது பெரிய விஷயமில்லை. ஒரு வல்லரசே தன் ஜனங்களைப் பார்த்து இதைக் கேட்க வேண்டி வந்தது. பாதி உலகத்தைக் கட்டி ஆண்டவர்கள், சொந்த நாட்டு மக்களுக்கு 'சாக்ஸில் ஓட்டை விழுந்தால் எப்படித் தைப்பது?' என்று புத்தகம் போட்டு சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

1941, ஜூன் 1. ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்து.

இரண்டாம் உலகப் போர் தொடங்கி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. 1940 ஜனவரியிலேயே வெண்ணெய், சர்க்கரை, பன்றி இறைச்சிக்கெல்லாம் ரேஷன் வந்துவிட்டது. அன்று காலை ரேடியோவைத் திருப்பியவர்களுக்குப் புதிய அதிர்ச்சி. வர்த்தகத் துறை அமைச்சர் ஆலிவர் லிட்டில்டன் பேசினார். 'இன்று முதல் துணிக்கும் ரேஷன்!'

ஏன் இந்தத் திடீர் அறிவிப்பு? முன்கூட்டியே விஷயம் கசிந்தால், ஜனங்கள் கடைகளை ஒரே நாளில் துடைத்து எடுத்துவிடுவார்களே! ரகசியம் காப்பதற்காகத் துணிக்கென்று தனிக் கூப்பன்கூட அச்சடிக்கவில்லை. பிறகு? ஏற்கெனவே கையிலிருந்த உணவு ரேஷன் புத்தகத்தில் மார்ஜரினுக்கான சில கூப்பன்கள் உபயோகப்படாமல் இருந்தன. 'அதையே கொடுத்து சட்டை வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டார்கள். ரொட்டிக்குத் தடவுகிற சமாசாரத்தின் கூப்பனில் கோட்டு, கவுன்!

ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 66 கூப்பன். தாராளமாகத் தெரிகிறதா? கணக்குப் போடுங்கள். ஆண்களுக்கான கோட், வெயிஸ்ட் கோட், பேண்ட் சேர்ந்த ஒரு சூட்டுக்கே 26 கூப்பன். கம்பளி கவுன் ஒன்றுக்கு 11. ஒரு ஜோடி ஆண்கள் ஷூவுக்கு 7. அப்புறம் சட்டை, பனியன், உள்ளாடை, குளிருக்கு ஓவர்கோட்... எல்லாமே அந்த 66-க்குள்தான். போகப் போக அதுவும் குறைந்துகொண்டே வந்தது. காசு இருந்தாலும் வாங்க முடியாது, கூப்பன் வேண்டும். பிரபு வீடோ, கூலி வீடோ, கணக்கு ஒன்றுதான்.

துணிக்கு ஏன் இத்தனை தட்டுப்பாடு? பஞ்சும் கம்பளியும் கடல் தாண்டி வர வேண்டும். கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள். வந்து சேர்ந்த சரக்கிலும் முதல் பங்கு ராணுவ உடுப்புக்கு. மில்களில் பல ஆயுதத் தொழிற்சாலைகளாகிவிட்டன. மிச்சமிருந்ததுதான் ஜனங்களுக்கு.

இங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. இருக்கிற துணியைத்தான் இழுத்துப் பிடித்து ஓட்ட வேண்டும். ஆனால், இழுத்துப் பிடிக்கிற வித்தை எத்தனை பேருக்குத் தெரியும்? ஏழை வீடுகளில் ஊசி ஒருநாளும் ஓய்ந்ததில்லை. நடுத்தர வர்க்கத்தின் கதை வேறு. முப்பதுகளிலேயே ரெடிமேட் கடைகள் வந்துவிட்டன. புது வீடு, மின்சார இஸ்திரிப் பெட்டி, வாக்குவம் கிளீனர் என்று குடித்தனமே மாறிக்கொண்டிருந்தது. ஒட்டுப் போடுவதெல்லாம் 'பாட்டி காலத்து சமாசாரம்'!

அந்தப் பாட்டி காலத்தைத்தான் அரசாங்கம் திரும்பக் கூப்பிட்டது. 1943-ல் வர்த்தகத் துறை ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டது. பெயர் 'மேக் டூ அண்ட் மெண்ட்'. இருப்பதை வைத்துச் சமாளி, கிழிந்ததைச் சரி செய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அமைச்சராக இருந்த ஹியூ டால்டனே முன்னுரை எழுதினார். விளம்பரங்களில் ஒரு பொம்மைப் பெண் வந்து யோசனை சொன்னாள். அவள் பெயர் 'மிஸஸ் ஸோ அண்ட் ஸோ'. பெயர் தெரியாத யாரோ ஒருத்தியை ஆங்கிலத்தில் இப்படிச் சொல்வார்கள். 'ஸோ' என்றால் தைப்பது என்றும் அர்த்தம். ஊர் ஊருக்கு மாலை வகுப்புகள் நடந்தன. பெண்கள் சங்கங்கள் முன்னால் நின்று நடத்தின.

அப்படி என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? சிலவற்றைக் கேட்டால் 'அட, இது நம்ம வீட்டு வேலையாச்சே' என்பீர்கள்.

படுக்கை விரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது எங்கே முதலில் நைந்துபோகும்? நாம் புரளுகிற நடுப்பகுதியில். ஓரங்கள் புதுசு மாதிரியே இருக்கும். விரிப்பை நீளவாக்கில் சரிபாதியாக வெட்டு. இரண்டு வெளி ஓரங்களையும் நடுவில் கொண்டு வந்து ஒன்றாகத் தை. நைந்த பகுதி இப்போது இரண்டு பக்க ஓரமாகிவிடும். அதை மடித்து அடித்துவிடு. இன்னும் சில வருஷம் ஓடும்!

சட்டைக் காலரில் கழுத்து உரசுகிற மடிப்புதான் முதலில் பிய்யும். காலரைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்தால் சட்டைக்கு மறுஜென்மம். நம் ஊர் டெய்லர்களும் இதைச் செய்துகொண்டிருந்தவர்கள்தான். அப்பாக்களின் வெள்ளைச் சட்டைகளில் திருப்பிய காலரைப் பார்த்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிச்சயம் இருப்பீர்கள்.

சின்னதாகிப்போன ஸ்வெட்டரைப் பிரித்து, நூலைச் சிட்டமாகச் சுற்றி, அலசி, சுருக்கம் நீங்கத் தொங்கவிட்டு, வேறு குழந்தைக்குப் புதிதாகப் பின்னினார்கள். சாக்ஸ் ஓட்டைக்குள் காளான் வடிவ மரக்கட்டையைக் கொடுத்து, குறுக்கும் நெடுக்குமாக இழை ஓட்டினார்கள். நம் ஊரில் அதே வேலைக்கு ஃப்யூஸ் போன குண்டு பல்பு!

ஆண்கள் மட்டும் தப்பித்தார்களா? 1942-ல் வந்த சிக்கன விதிகளில், பேண்ட்டின் காலடியில் வைக்கும் மடிப்புக்குத் தடை. பாக்கெட் எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு. குண்டு விழுந்தபோதுகூட இத்தனை முணுமுணுக்காத கனவான்கள் கொதித்துப்போனார்கள். நீளம் அதிகமான பேண்ட்டாகப் பார்த்து வாங்கி, வீட்டில் மடித்துத் தைக்கச் சொன்ன கில்லாடிகளும் உண்டு.

தைக்கச் சொன்னார்கள்... யாரிடம்? இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

1941 டிசம்பரில் பிரிட்டன் இன்னொரு சட்டமும் போட்டது. 20-லிருந்து 30 வயதுக்குட்பட்ட மணமாகாத பெண்களும் கட்டாயப் போர்ப்பணிக்கு வர வேண்டும். மணமான பெண்களும் லட்சக்கணக்கில் வேலைக்குப் போனார்கள். பகலெல்லாம் ஆலையில் குண்டு செய்கிறாள் ஒருத்தி. சாயங்காலம் ரேஷன் கியூவில் நிற்கிறாள். ராத்திரி வந்து உட்கார்ந்தால், மிஸஸ் ஸோ அண்ட் ஸோ சிரித்துக்கொண்டே சாக்ஸை நீட்டுகிறாள்! பிரசுரங்கள் பேசியது பெரும்பாலும் அவளிடம்தான். அவள் தூங்குகிற நேரத்துக்கு மட்டும் யாரும் கூப்பன் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. அதே 1943-ல் இங்கே நம் நாட்டில் என்ன நடந்தது? இந்திய மில்களின் துணியும் போருக்குத்தான் போனது. விலை எகிறியது. அந்த வருஷம் ஜூனில் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு உத்தரவு போட்டார்கள். வங்காளத்திலோ, சோற்றுப் பஞ்சத்தோடு துணிப் பஞ்சமும் சேர்ந்துகொண்டது. உடுத்த முழுத்துணி இல்லாமல், குடிசையை விட்டு வெளியே வர முடியாமல் கிடந்தார்கள் பெண்கள். ஒட்டுப் போடுவதற்கும் முதலில் ஒரு துணி வேண்டும் இல்லையா? லண்டனில் சிக்கனம் தேசபக்தி என்றால், வங்காளத்தில் அதற்குப் பெயர் வேறு.

போர் 1945-ல் முடிந்தும் பிரிட்டனில் துணி ரேஷன் முடியவில்லை. 1947 நவம்பரில் இளவரசி எலிசபெத்துக்குக் கல்யாணம். கல்யாணக் கவுனுக்கும் கூப்பன் கணக்குதான்! ஜனங்கள் பாசத்தோடு தங்கள் கூப்பன்களைத் தபாலில் அனுப்பினார்கள். ஒருவர் கூப்பனை இன்னொருவர் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்பதால், அவை திருப்பி அனுப்பப்பட்டன.

1949 மார்ச்சில் ரேஷன் ஒழிந்தது. நைலான் வந்தது, பாலியஸ்டர் வந்தது, துணி மலிந்தது. ஒரு தேசமே பாடுபட்டுக் கற்றுக்கொண்ட வித்தை மறுபடி பிஸ்கட் டப்பாவுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. ஒட்டுப்போட்ட உடை என்றால் கஷ்டகாலத்தின் ஞாபகம். யாருக்குத்தான் அது வேண்டும்?

நம் கதையும் கிட்டத்தட்ட இதுதான். பழைய புடவை தொட்டிலானது. தொட்டில் கிழிந்து தலையணை உறையானது. உறை கிழிந்து கரித்துணியானது. பட்டுப்புடவையைப் பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் அடுக்கு வாங்கிய வீடுகள் எத்தனை! அதெல்லாம் சாமர்த்தியம் என்று அப்போது பேர் வாங்கியது. இன்று அதையே செய்தால் 'கஞ்சம்' என்கிறோம்.

ஆனால், சக்கரம் மறுபடி சுற்ற ஆரம்பித்திருக்கிறது. 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் 'ரிப்பேர் கஃபே' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கிழிந்த துணி, ஓடாத மிக்ஸி என எதையும் எடுத்துப் போகலாம். தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவார். ஒரு காபி குடித்தபடி நீங்களே சரி செய்யலாம். அது பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. பிரான்ஸ் அரசாங்கம் 2023 நவம்பரிலிருந்து, துணியையும் செருப்பையும் ரிப்பேர் செய்கிறவர்களுக்குக் கட்டணத்தில் 6-லிருந்து 25 யூரோ வரை தள்ளுபடி தர ஆரம்பித்தது. குப்பையில் குவிகிற துணிமலை அப்படி!

போர் இல்லை, பஞ்சம் இல்லை, கூப்பன் இல்லை. ஆனாலும் ஊசியைத் தேடுகிறார்கள். நல்லதுதான். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அந்த வித்தையைத் திரும்பக் கொண்டு வரும்போது, அன்று இங்கிலாந்தில் செய்தது போல மொத்தத்தையும் வீட்டில் ஒருத்தி தலையில் கட்டிவிட்டால், அது மறுபடியும் டப்பாவுக்குள்தான் போகும். போகவும் வேண்டும்!

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தச் சட்டையை எடுங்கள். பையன் இருந்தால் அவனை முதலில் கூப்பிடுங்கள். பக்கத்தில் பாட்டியோ, அம்மாவோ இருந்தால் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். அவர்கள் சொல்லட்டும், நாம் தைக்கலாம். பட்டனை வைப்பதற்கு முன்னால் சட்டையைப் பூட்டிப் பார்த்து, காஜாவுக்கு நேராகப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

அரை இஞ்ச் தள்ளித் தைத்தவன் சொல்கிறேன்... கேட்டுக்கொள்ளுங்கள்!